ஆணைவரியும் படத்திரையும்: கணிப்பொறியை இயக்கும் இரு முறைகள்

கணிப்பொறியிடம் ஒரு வேலையைச் செய்யுமாறு சொல்வதற்கு மனிதன் கண்ட வழிகள் பலவாயினும், அலுவலகங்களிலும் கல்வி நிலையங்களிலும் நிலைபெற்றவை இரண்டு. விசைப்பலகையில் குறிப்பிட்ட சொற்களைக் குறிப்பிட்ட வரிசையில் தட்டி ஆணையிடுவது ஒன்று. திரையில் தோன்றும் படங்கள், பட்டியல்கள், பொத்தான்கள் ஆகியவற்றுள் வேண்டியதைச் சுட்டித் தேர்ந்தெடுப்பது மற்றொன்று. முன்னதை ஆணைவரி முறை என்றும், பின்னதை வரைகலை முறை என்றும் இக்கட்டுரையில் குறிப்பிடுவோம்.

ஆணைவரி பழையது, வரைகலை புதியது, ஆகவே முதலாவது வழக்கொழிந்துவிட்டது என்ற எண்ணம் மாணவர்களிடையே மட்டுமன்றி, மென்பொருள் கொள்முதல் பற்றி முடிவு செய்யும் அலுவலர்களிடையேயும் பரவலாக உள்ளது. இவ்வெண்ணம் உண்மைக்குப் புறம்பானது. ஒரு வேலையைக் கற்றுக்கொள்வதற்கான செலவை யார் ஏற்பது, செய்து முடித்த வேலைக்குச் சான்று எங்கே தங்குகிறது என்னும் இரண்டு கேள்விகளில்தான் இவ்விரு முறைகளும் வேறுபடுகின்றன. பொதுப் பணத்தைக் கையாளும் நிறுவனங்கள் இவ்விரு கேள்விகளையும் எளிதாகக் கடந்துவிட முடியாது.

தோற்றமும் விலையும்

ஆணைவரி முறை தொலைத் தட்டச்சுப் பொறியின் வழி வந்ததாகும். ஒரு பெரிய கணிப்பொறியைப் பலர் ஒரே நேரத்தில் பகிர்ந்து பயன்படுத்தும் ஏற்பாடு, அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகம் முதலிய இடங்களில் 1960களில் உருவாயிற்று. பயன்படுத்துவோர் தட்டிய ஆணை தாளில் அச்சாகும். கணிப்பொறியின் விடையும் அதே தாளில் அடுத்த வரியாக அச்சாகும். அக்காலத்தில் பெரிதும் வழங்கிய டெலிடைப் 33 என்னும் பொறி வினாடிக்கு 10 எழுத்துகளை மட்டுமே அச்சிட வல்லது. கென் தாம்சன், டென்னிஸ் ரிட்சி ஆகியோர் பெல் ஆய்வுக்கூடத்தில் 1969ஆம் ஆண்டில் தொடங்கிய யூனிக்ஸ் அமைப்பில், படியெடுக்க ‘சி.பி.’, இடம் மாற்ற ‘எம்.வி.’, அழிக்க ‘ஆர்.எம்.’ என்று ஈரெழுத்து ஆணைகள் அமைந்தமைக்கு இம்மெதுவான பொறிகளும் ஒரு காரணமாகும். அப்பொறிகள் அருங்காட்சியகத்திற்குச் சென்றுவிட்டன. அந்த ஈரெழுத்து ஆணைகள் இன்றும் அப்படியே வழங்குகின்றன.

வரைகலை முறையின் கருத்தும் ஏறத்தாழ அதே காலத்ததே. திரையில் ஒளிப் பேனாவால் வரையும் ‘ஸ்கெட்ச்பேட்’ அமைப்பை ஐவன் சதர்லாந்து 1963ஆம் ஆண்டில் உருவாக்கினார். டக்ளஸ் ஏங்கல்பார்ட் 1968 டிசம்பர் 9ஆம் நாள் சான் பிரான்சிஸ்கோவில் நடத்திக் காட்டிய விளக்கத்தில் மவுஸ் என்னும் சுட்டுக் கருவி இடம்பெற்றது. ஜெராக்ஸ் நிறுவனத்தின் ‘ஆல்டோ’ 1973ஆம் ஆண்டில் உருவாயிற்று. எனினும் இம்முறை மேசைக்கு மேசை பரவுவதற்கு மேலும் இருபது ஆண்டுகள் பிடித்தன. இத்தாமதத்தின் பெரும்பகுதியை நினைவகத்தின் விலையைக் கொண்டே விளக்கிவிடலாம்.

எழுத்து மட்டும் காட்டும் திரையில் 25 வரிகள், வரிக்கு 80 எழுத்துகள் என்று கொண்டால், 2,000 எழுத்துகளுக்கு 2,000 பைட் நினைவகம் போதும். 1984ஆம் ஆண்டில் வெளிவந்த ஆப்பிள் நிறுவனத்தின் மெக்கின்டாஷ் திரையோ 512க்கு 342 என்ற அளவில் 1,75,104 புள்ளிகளைக் கொண்டது. புள்ளிக்கு ஒரு பிட் வீதம் கணக்கிட்டாலும் 21,888 பைட் ஆகிறது. அதாவது ஏறத்தாழ 11 மடங்கு. அப்பொறியின் மொத்த நினைவகத்தில் ஆறில் ஒரு பங்கு, திரையைக் காட்டுவதற்கே செலவாயிற்று. அதன் விலை 2,495 டாலர். அதற்கு முந்திய ஆண்டில் அதே நிறுவனம் வெளியிட்ட ‘லிசா’வின் விலை 9,995 டாலர். நினைவகத்தின் விலை சரிந்த பிறகே, 1990ஆம் ஆண்டின் விண்டோஸ் 3.0, 1995ஆம் ஆண்டின் விண்டோஸ் 95 ஆகியவற்றின் வாயிலாக வரைகலை முறை பெருவழக்காயிற்று.

நினைவுகூர்தலும் அடையாளம் காணுதலும்

ஆணைவரி முறையில் பயன்படுத்துவோர் சொல்லை நினைவில் வைத்திருக்க வேண்டும். வரைகலை முறையில் கண்முன் இருப்பதை அடையாளம் கண்டுகொண்டால் போதும். நினைவுகூர்வதைவிட அடையாளம் காண்பது எளிது என்பதைக் கணிப்பொறி அறிஞர்களுக்கு முன்னரே நம் நாட்டின் தேர்தல் நிர்வாகம் நடைமுறையில் கண்டது எனலாம். 1951ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி எழுத்தறிவு 18 விழுக்காட்டளவே இருந்தது. 1951-52 பொதுத் தேர்தலில் ஒவ்வொரு வேட்பாளருக்கும் தனிப் பெட்டி வைத்து, அதன்மேல் அவருடைய சின்னத்தை ஒட்டினர். வாக்காளர் பெயரை எழுதவோ படிக்கவோ வேண்டியதில்லை. சின்னத்தைக் கண்டு, அதற்குரிய பெட்டியில் சீட்டை இட்டார். திரையில் உள்ள படச்சின்னத்தின்மேல் சுட்டுவதற்கும் இதற்கும் அடிப்படையில் வேறுபாடில்லை.

ஆனால் வாக்காளர் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை மட்டுமே அப்பெட்டியின் முன் நிற்கிறார். நாள்தோறும் நூற்றுக்கணக்கான முறை ஒரே வேலையைச் செய்பவருக்கும் இதே முறைதான் ஏற்றதா?

இரயில்வே முன்பதிவு இதற்கு நல்ல எடுத்துக்காட்டாகும். கணிப்பொறி வழி முன்பதிவு 1985 நவம்பரில் புதுதில்லியில் தொடங்கிற்று. பின்னர் வட்டாரந்தோறும் அமைந்த கணிப்பொறிகள் 1999ஆம் ஆண்டில் ஒரே வலையமைப்பாக இணைக்கப்பட்டன. முகப்பு எழுத்தருக்கு முன் இருந்தது எழுத்துகளை மட்டும் காட்டும் முனையம். அவர் ‘சென்னை சென்ட்ரல்’ என்று தட்டுவதில்லை, ‘எம்.ஏ.எஸ்.’ என்று தட்டுவார். புதுதில்லி ‘என்.டி.எல்.எஸ்.’ ஆகும், ஹௌரா ‘எச்.டபிள்யூ.எச்.’ ஆகும். வண்டிகளுக்கு எண், வகுப்புகளுக்குச் சுருக்கக் குறி. இது முழுமையான ஆணைவரி முறையன்று என்பது உண்மை. திரையில் நிரப்ப வேண்டிய இடங்கள் காட்டப்படும். ஆயினும் நிரப்ப வேண்டிய குறிகள் எழுத்தரின் நினைவிலேயே இருந்தன. சில மாதப் பழக்கத்திற்குப் பின் அவர் திரையை நோக்காமலே தட்டத் தொடங்குவார்.

கண்ணாடிக்கு இப்பால் நின்ற பயணிக்கோ ஒரு தாள் படிவம். அதில் ஊர்ப் பெயரைத் தாம் அறிந்தவாறு எழுதித் தந்தார். அதனைக் குறிகளாக மாற்றும் மொழிபெயர்ப்பாளராக எழுத்தர் இருந்தார். இவ்வாறு கற்கும் செலவு ஒருவருக்குப் பயிற்சியளிப்பதோடு முடிந்தது. அதன் பயன் ஆயிரக்கணக்கான பயணிகளுக்குக் கிடைத்தது. 2002 ஆகஸ்டில் இணைய வழி முன்பதிவு தொடங்கியபோது அம்மொழிபெயர்ப்பு வேலை பயணியிடமே வந்து சேர்ந்தது. ஆண்டுக்கு இருமுறை ஊர் செல்பவரிடம் நிலையக் குறிகளை எதிர்பார்க்க இயலாது. ஆகவே பெயரின் முதல் சில எழுத்துகளைத் தட்டியவுடன் பட்டியல் விரிய வேண்டியதாயிற்று. வரைகலை முறை இல்லாமல் இம்மாற்றம் நடந்திருக்க முடியாது. அதே வேளையில், எழுத்தர் செய்துவந்த உழைப்பின் ஒரு பகுதி கூலியின்றிக் குடிமக்களின் தலையில் விழுந்தது என்பதையும் பொருளியல் மாணவர் கருத்திற் கொள்ள வேண்டும். அச்சேவையின் உற்பத்தித் திறன் உயர்ந்ததாகக் கணக்கிடும்போது இவ்வுழைப்பு எந்தப் பத்தியிலும் எழுதப்படுவதில்லை.

படத்திரை இல்லாத சாதாரணக் கைப்பேசி வைத்திருப்போருக்காக, *99# என்று தட்டி வங்கிக் கணக்கை இயக்கும் ஏற்பாடு 2014ஆம் ஆண்டில் நாட்டிற்கு அர்ப்பணிக்கப்பட்டது. குறியைத் தட்டி, எண்ணிட்ட பட்டியலிலிருந்து எண்ணால் விடையளிக்கும் இவ்வழியை இவ்விரு முறைகளுக்கும் இடைப்பட்டது என்று கொள்ளலாம்.

மீண்டும் மீண்டும் செய்யும் வேலை

ஓர் எடுத்துக்காட்டை எண்ணிப் பார்ப்போம். 2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்போது நாட்டில் 640 மாவட்டங்கள் இருந்தன. மாவட்டத்திற்கு ஒன்று வீதம் 640 விரிதாள்கள் மாதந்தோறும் ஓர் அலுவலகத்திற்கு வருவதாகக் கொள்வோம். ஒவ்வொன்றையும் திறந்து, வேண்டிய பத்தியை எடுத்து, மொத்தத் தாளில் ஒட்டி மூட 2 நிமிடம் ஆகுமெனில், 1,280 நிமிடம், அதாவது 21 மணிக்கு மேல் செலவாகும். ஒருவருக்கு ஏறத்தாழ மூன்று வேலை நாட்கள். அடுத்த மாதமும் அதே மூன்று நாட்கள். பத்தாவது மாதத்திலும் அச்செலவு குறைவதில்லை.

இதே வேலையை ஆணைகளாக எழுதுவதற்கு, அறிந்தவர் ஒருவருக்கு முதல் மாதம் அரை நாளோ ஒரு நாளோ ஆகலாம். எழுதியவற்றை ஒரு கோப்பில் சேமித்துவிட்டால், அடுத்த மாதம் அக்கோப்பை ஓட்டுவதற்கு ஒரு வரி ஆணை போதும். ஓர் ஆணையின் விளைவை மற்றோர் ஆணைக்கு உள்ளீடாகச் செலுத்தும் ‘குழாய்’ என்னும் வசதி யூனிக்ஸில் 1973ஆம் ஆண்டில் சேர்க்கப்பட்டது. சிறு ஆணைகளைக் கோத்து, எவரும் முன்கூட்டி எண்ணிப் பாராத வேலையைக்கூடச் செய்துகொள்ள இது வழிவகுத்தது. வரைகலை முறையில், உருவாக்கியவர் எந்த வேலைக்குப் பொத்தான் வைத்தாரோ அந்த வேலையை மட்டுமே செய்ய இயலும்.

பொருளியல் மொழியில் கூறுவதாயின், ஆணைவரி முறைக்கு நிலைச் செலவு மிகுதி, இறுதிநிலைச் செலவு மிகக் குறைவு. வரைகலை முறைக்கு நிலைச் செலவு குறைவு, ஆனால் இறுதிநிலைச் செலவு இறங்குவதே இல்லை. எந்த எண்ணிக்கையில் இவ்விரு கோடுகளும் வெட்டுகின்றன என்பது வேலைக்கு வேலை மாறும். ஆண்டுக்கு ஒருமுறை பத்துத் தாள்களைச் சேர்ப்பவர் ஆணை எழுதக் கற்பது வீண் வேலை.

உலகின் மிக விரைவான 500 கணிப்பொறிகளின் பட்டியலில், 2017 நவம்பர் முதல் அனைத்துமே யூனிக்ஸ் வழி வந்த லினக்ஸில் இயங்குகின்றன. தேசிய மீக்கணிப்பொறி இயக்கத்தின்கீழ் 2019ஆம் ஆண்டில் வாராணசியில் நிறுவப்பட்ட ‘பரம் சிவாய்’ போன்ற பொறிகளைப் பயன்படுத்தும் ஆய்வு மாணவர், தம் அறையிலிருந்து சில வரி எழுத்துகளை அனுப்பியே கணக்கைத் தொடங்கி வைக்கிறார். படங்களை அனுப்ப வேண்டாத காரணத்தால் மெதுவான இணைப்பும் இதற்குப் போதுமானது.

சான்று எங்கே தங்குகிறது

அரசு அலுவலகங்களில் கோப்பின் குறிப்புப் பக்கத்திற்கு உள்ள மதிப்பை அறிந்தோர் இப்பகுதியை எளிதில் உணர்வர். யார், எந்நாளில், எக்காரணத்தால், எதைச் செய்யுமாறு எழுதினார் என்பது அப்பக்கத்தில் வரிசையாக நிற்கும். ஆணைவரி முறையில் எழுதிய ஆணைக் கோப்பும் அத்தன்மையதே. வேலையும் வேலையின் பதிவும் அங்கே ஒன்றாகவே அமைகின்றன. சுட்டியால் செய்த வேலையில், தனியே ஏற்பாடு செய்தாலன்றி, முடிவு மட்டுமே எஞ்சும். சென்ற வழி மறைந்துவிடும்.

பொருளியல் துறையிலேயே இதற்கு ஒரு பாடம் உண்டு. கார்மென் ரைன்ஹார்ட், கென்னத் ரோகாஃப் ஆகிய இரு பேராசிரியர்கள் 2010ஆம் ஆண்டில் வெளியிட்ட கட்டுரை ஒன்றில், பொதுக்கடன் நாட்டு உற்பத்தியில் 90 விழுக்காட்டைத் தாண்டிய வளர்ந்த நாடுகளில் சராசரி வளர்ச்சி எதிர்மறையாக, மைனஸ் 0.1 விழுக்காடாக இருந்ததெனக் காட்டினர். அரசுச் செலவைச் சுருக்க வேண்டும் என்று ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் வாதிட்டோர் இவ்வெண்ணைப் பெரிதும் எடுத்துக்காட்டினர். மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக ஆய்வு மாணவர் தாமஸ் ஹெர்ன்டன் இக்கணக்கைத் திரும்பச் செய்து பார்த்தார். அதே விடை வரவில்லை. ஆசிரியர்களிடமிருந்தே விரிதாளைப் பெற்று நோக்கியபோது, சராசரி காணும் சூத்திரம் 30ஆம் வரியிலிருந்து 49ஆம் வரி வரை செல்வதற்குப் பதிலாக 44ஆம் வரியோடு நின்றிருந்தது. ஆஸ்திரேலியா, ஆஸ்திரியா, பெல்ஜியம், கனடா, டென்மார்க் ஆகிய ஐந்து நாடுகள் கணக்கில் சேரவில்லை. திருத்திய சராசரி 2.2 விழுக்காடு என்று அவரும் அவருடைய பேராசிரியர் இருவரும் 2013ஆம் ஆண்டில் வெளியிட்டனர்.

இவ்வேறுபாடு முழுவதற்கும் விரிதாள் பிழையே காரணம் என்பது தவறாகும். சில ஆண்டுகளின் விவரங்களை விலக்கியதும், நாடுகளுக்கு எடையிட்ட முறையுமே பெரும்பகுதிக்குக் காரணங்கள். நாம் இங்கே நோக்க வேண்டியது, ஐந்து நாடுகள் விடுபட்டதை மூன்று ஆண்டுகள் வரை வெளியார் எவரும் காண இயலாமற் போனதையே. விரிதாளிலும் சூத்திரம் உண்டு. ஆனால் அது எண்ணுக்குப் பின்னே மறைந்து நிற்கிறது. ஆணையாக எழுதப்பட்ட கணக்கில் தவறு நேராது என்பதில்லை. நேர்ந்த தவறு, படிக்கத் தெரிந்தவர் எவரும் படித்துக் காணக்கூடிய வரியாக நிற்கிறது.

பிழையின் இரு முகங்கள்

வரைகலை முறை பிழையைத் தடுக்கிறது என்பது பொதுவான நம்பிக்கை. பொருந்தாத விருப்பங்களைத் திரை காட்டாது, அழிக்குமுன் ‘உறுதியா?’ என்று கேட்கும். இவை மெய்யான பயன்களே. எனினும் 2020 ஆகஸ்டு 11ஆம் நாள் அமெரிக்காவின் சிட்டி வங்கியில் நேர்ந்ததைக் காண்க. ரெவ்லான் நிறுவனத்திற்குக் கடன் கொடுத்தவர்களுக்கு வட்டியாக 78 லட்சம் டாலர் மட்டும் அனுப்ப வேண்டும். அசல் தொகையை வங்கியின் உட்கணக்கிற்குத் திருப்ப வேண்டும். அதற்குத் திரையில் மூன்று கட்டங்களில் குறியிட வேண்டியிருந்தது. ஒன்றில் மட்டுமே குறியிடப்பட்டது. விதிப்படி மூவர் பார்த்து ஒப்புதல் அளித்தனர். அவர்களுள் இருவர் இந்தியாவிலிருந்து பணியாற்றியவர்கள். ஏறத்தாழ 90 கோடி டாலர் வெளியே சென்றுவிட்டது. அதில் 50 கோடி டாலர் அளவுக்குப் பெற்றவர்கள் திருப்பித் தர மறுத்தனர். 2021ஆம் ஆண்டில் வங்கிக்கு எதிராக வந்த தீர்ப்பு, 2022ஆம் ஆண்டில் மேல்முறையீட்டில் மாற்றப்பட்டது. மூவரும் ஒரே திரையைப் பார்த்தனர். அத்திரை அவர்களுக்குக் கட்டங்களைக் காட்டிற்றேயன்றி, ‘இத்தொகை இவ்விடத்திற்குச் செல்லும்’ என்ற வாக்கியத்தை அவர்கள் மனத்திற் பதியுமாறு காட்டவில்லை.

ஆணைவரியின் ஆபத்து வேறு வகையானது. 2017 பிப்ரவரி 28ஆம் நாள் அமேசான் நிறுவனத்தின் சேமிப்புச் சேவையில், சில வழங்கிகளை நீக்க முற்பட்ட பணியாளர் ஆணையின் ஓர் உள்ளீட்டைத் தவறாகத் தட்டினார். எண்ணியதைவிட மிகுதியான வழங்கிகள் நீங்கின. அவற்றைச் சார்ந்திருந்த பல இணையத் தளங்கள் சுமார் நான்கு மணி நேரம் முடங்கின. எந்த வரி தவறு என்பதை நிறுவனம் கண்டறிந்து, குறைந்தபட்ச எண்ணிக்கைக்குக் கீழே வழங்கிகளை நீக்க முடியாதவாறு கருவியைத் திருத்திற்று. ஆணைவரியில் சிறு தவறு பெருந்தவறாக விரைகிறது. படத்திரையில் பெருந்தவறு சிறு குறியாக ஒளிந்துகொள்கிறது.

மொழியும் பார்வையும்

யூனிக்ஸ் ஆணைகள் ஆங்கிலச் சுருக்கங்கள். தமிழோ கன்னடமோ மட்டும் அறிந்தவருக்கு அவை பொருளற்ற ஒலிகள். பழைய எழுத்து முனையங்கள் இந்திய எழுத்துகளைக் காட்டுவதற்கே தனி ஏற்பாடு தேவைப்பட்டது. புள்ளிகளால் எதையும் வரையக்கூடிய திரை வந்தபின், எவ்வெழுத்தையும் காட்டுவதற்கு வன்பொருள் தடை நீங்கிற்று. இந்திய எழுத்துகளுக்கான குறியீட்டுத் தரம் 1991ஆம் ஆண்டில் வெளியாயிற்று. அதே ஆண்டில் வெளிவந்த யூனிகோடின் முதற் பதிப்பிலும் தமிழ் உள்ளிட்ட இந்திய எழுத்துகள் இடம்பெற்றன. குடிமக்கள் தம் மொழியில் சேவை பெறும் உரிமையை முதன்மையாகக் கொண்டால், பொதுமக்கள் முன் வைக்கும் திரை வரைகலைத் திரையாகவே இருத்தல் வேண்டும். இதில் இரு கருத்துக்கு இடமில்லை என்பது இக்கட்டுரையாளரின் துணிபு.

பார்வையற்றோர் நிலை இதற்கு மாறானது. எழுத்துத் திரையிலுள்ளதைப் பேச்சாகவோ பிரெய்லாகவோ மாற்றும் கருவிகள் 1980களிலேயே வழக்கிலிருந்தன. விண்டோஸ் பரவியபோது, அக்கருவிகளைக் கொண்டு பணிபுரிந்தோர் படங்களின்முன் திகைத்தனர். திரையைப் படிக்கும் மென்பொருள்கள் பின்னர் முன்னேறின. எனினும் பெயரிடப்படாத பொத்தான் ஒன்று இருந்தால் அவை இன்றும் ‘பொத்தான்’ என்று மட்டுமே உரைக்கும்.

பயிற்சியும் கொள்முதலும்

நைலிட் நிறுவனத்தின் 80 மணி நேர அடிப்படைப் படிப்பு, எழுதுதல், விரிதாள், இணையம், மின்வழிப் பணம் செலுத்துதல் என அமைந்துள்ளது. தொடக்க நிலைக்கு அது தக்கதே. ஆனால் புள்ளிவிவரம், கணக்கு, பதிவேடு ஆகிய பிரிவுகளில் பணிபுரிவோருக்கும் பயிற்சி அதனோடு நின்றுவிடுகிறது. எந்தப் பொத்தான் எங்கே உள்ளது என்று கற்றவர், மென்பொருளின் அடுத்த பதிப்பில் பொத்தான் இடம் மாறியவுடன் மீண்டும் பயிற்சிக்குச் செல்கிறார். ஒரு பிரிவில் இருவரேனும் ஆணைகளை எழுதவும் படிக்கவும் அறிந்திருப்பின், சிறு மாற்றத்திற்கும் நிறுவனத்திற்குக் கடிதம் எழுதிக் காத்திருக்கும் நிலை பெரிதும் குறையும்.

2022ஆம் ஆண்டின் இறுதி முதல், அன்றாட மொழியில் எழுதிக் கேட்டால் விடையளிக்கும் மென்பொருள்கள் பரவியுள்ளன. தட்டச்சு மீண்டும் திரும்பியுள்ளது. ஆயினும் இது ஆணைவரி முறை அன்று. ஒரே ஆணை ஒரே நிலையில் ஒரே விளைவைத் தரும் என்பதே ஆணைவரியின் உயிர்நாடி. இவற்றிலோ ஒரே கேள்விக்கு இன்று ஒரு விடையும் நாளை வேறொரு விடையும் வரக்கூடும். ஆணை எழுதத் துணைபுரியுமாறு இவற்றைக் கேட்டு, எழுதித் தந்ததைப் படித்துச் சரிபார்த்துப் பின் பயன்படுத்துவது முறையாகும். அதற்கும் படிக்கத் தெரிந்தவர் தேவை.

கொள்முதல் ஆவணங்களில் திரையின் தோற்றம் பற்றிய நிபந்தனைகள் விரிவாகவே எழுதப்படுகின்றன. அவற்றோடு மூன்று வினாக்களையும் சேர்ப்பது நலம்: திரையில் செய்யும் ஒவ்வொரு வேலையையும் எழுத்தாணையாலும் செய்ய இயலுமா? சுட்டியால் செய்தவை யார், எப்போது என்ற குறிப்போடு படிக்கத்தக்க எழுத்தாகப் பதிவாகின்றனவா? அப்பதிவு விற்றவரின் துணையின்றி நமக்குக் கிடைக்குமா? இவற்றை ஒப்பந்தப்புள்ளி கோரும்போதே கேட்டுவிட வேண்டும். மென்பொருள் நிறுவப்பட்ட பிறகு கேட்டால், அது புதிய வேலையாகக் கருதப்பட்டுத் தனிக் கட்டணத்திற்கு உள்ளாகும்.